மினிமைஸ் பண்ணின விண்டோ தானா எழும்பி வருதா? என்ன செய்யேக்க வருது எண்டு முதல்ல பாருங்கோ

போன மாசம் ஒரு புதன்கிழமை பின்னேரம் பேங்க் சைட்டில பாஸ்வேர்ட் அடிச்சுக்கொண்டிருந்தன், கண் கீபோர்ட்டில, நடுவில மினிமைஸ் பண்ணி வச்சிருந்த ஒபீஸ் சாட் விண்டோ தன்ரபாட்டுக்கு எழும்பி முன்னால வந்திட்டுது, நான் தலையை நிமிர்த்தாமலே மிச்ச எழுத்தையும் அடிச்சு என்டரும் தட்டியாச்சு. குரூப்பில 43 பேர். முதல் ஆளா மனேஜர் ஒரு தம்ஸ் அப் போட்டார். பாஸ்வேர்டை உடன மாத்தினன், ஆனா அதுக்குப் பிறகுதான் இந்த விசயத்தை வடிவா நோண்டிப் பார்க்கவேணும் எண்டு ரோசம் வந்தது.

நான் இருக்கிறது வெள்ளவத்தையில, வேலைக்குப் போன நேரம் போக புறக்கோட்டை, செட்டியார் தெருப் பக்கம் நாலைஞ்சு கடையளுக்குக் கொம்பியூட்டர் பார்த்துக் குடுக்கிறன். இந்த "தானா எழும்புது" கேஸ் அங்கயும் அடிக்கடி வரும். நெட்டில தேடினா எல்லாரும் உடன ரெஜிஸ்ட்ரியில, அதாவது விண்டோஸ் தன்ர உள் செட்டிங்ஸை எழுதி வச்சிருக்கிற இடத்தில, கை வை எண்டுதான் சொல்லுவினம். நான் அதைக் கடைசியிலதான் சொல்லப்போறன், ஏனெண்டா நான் பார்த்த கேஸில முக்கால்வாசிக்கு அது மருந்தே இல்லை.

முதல் வேலை, மொனிட்டருக்குப் பக்கத்தில ஒரு துண்டு பேப்பர் வையுங்கோ. விண்டோ எழும்பின உடன நேரத்தையும், அந்தக் கணம் என்ன நடந்தது எண்டும் ஒரு வரி எழுதுங்கோ: மவுஸைத் தொட்டனான், கரண்ட் போய் வந்தது, மெசேஜ் ஒண்டு வந்தது, ஒண்டுமே நடக்கேல்ல, இப்பிடி. ரெண்டு நாள் எழுதினாப் போதும், ஆள் ஆரெண்டு பாதி தெரிஞ்சிடும். என்ர சாட் விண்டோவும் அப்பிடித்தான் பிடிபட்டுது, அந்தக் கதை பிறகு.

இன்னொண்டையும் பிரிச்சுப் பாருங்கோ. டாஸ்க்பாரில ஐகன் மினுங்கிறது வேற, விண்டோவே எழும்பி வாறது வேற. மினுங்கினா விண்டோஸ் தன்ர வேலையைச் சரியாச் செய்யுது எண்டு அர்த்தம், அந்த ஆப் முன்னால வர வெளிக்கிட்டது, விண்டோஸ் மறிச்சுப்போட்டு உங்களுக்குச் சொல்லுது. விண்டோஸ் 95 காலத்தில இந்த மறிப்பே இல்லை, எந்த ப்ரோக்ராமும் நினைச்ச நேரம் முன்னால வரலாம், 98, 2000 வந்தாப்பிறகுதான் கட்டுப்பாடு வந்தது. மினுங்கிறதுதான் உங்களுக்குக் கரைச்சல் எண்டா இதை வாசிக்கத் தேவையில்லை, அந்த ஆப்பின்ர நோட்டிஃபிகேஷனை நிப்பாட்டினாச் சரி.

மினிமைஸ் பண்ணின அடுத்த செக்கனே திரும்ப வருது

இதுக்கு சொஃப்ட்வெயரைத் திட்ட முதல் மவுஸைப் பாருங்கோ. டாஸ்க்பார் ஐகனை ஒருக்கா அமத்தினா விண்டோ கீழ போகும், திரும்ப அமத்தினா மேல வரும். மவுஸுக்குள்ள இருக்கிற குட்டி சுவிட்ச் தேஞ்சுபோனா ஒரு அமத்தை ரெண்டா அனுப்பும். நீங்கள் ஒருக்காத்தான் அமத்தினீங்கள், கொம்பியூட்டர் ரெண்டு எண்டு எடுக்குது, போன விண்டோ போன கையோட வருது.

சோதிக்கிறது லேசு. ஒரு ஃபோல்டரை ஒருக்கா மட்டும் அமத்துங்கோ, இருபது தரம் செய்யுங்கோ, ஒருக்காவாவது தானாத் திறந்தா மவுஸ்தான் ஆள். இல்லாட்டி மவுஸைத் தொடாம ஆல்ட்டோட ஸ்பேஸ்பாரை அமத்தி, வாற மெனுவில ஆங்கில N எழுத்தைத் தட்டுங்கோ, விண்டோ கீழ போகும். விண்டோஸ் கீயும் கீழ்நோக்கின அம்புக்குறியும் சேர்த்து அமத்தினாலும் போகும், ஆனா விண்டோ முழு ஸ்கிரீனுக்கு இருந்தா முதல் அமத்துக்குச் சின்னதாகும், ரெண்டாவதுக்குத்தான் கீழ போகும், அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். கீபோர்ட்டால போட்டா ஒழுங்கா இருக்குது, மவுஸால போட்டாத்தான் திரும்ப வருது எண்டா விசயம் முடிஞ்சுது.

கடற்கரைப் பக்கம் இருக்கிறாக்களுக்கு இது கெதியா வரும் எண்டுறது என்ர அனுபவம். எங்கட வீடு மரீன் டிரைவில இருந்து ரெண்டாவது லேன், யன்னல் திறந்தா உப்புக் காத்து, கேற் கொண்டியில இருந்து மவுஸ் சுவிட்ச் வரைக்கும் எல்லாம் கறள். கழட்டி கொன்டாக்ட் கிளீனர் அடிச்சா கொஞ்ச நாள் ஓடும், ஆனா நான் இப்ப அதுக்கு மினக்கெடுறதில்லை, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில போய் ஒரு சாதாரண வயர் மவுஸ் வாங்கிப்போட்டு வந்திடுவன். டபிள் கிளிக் ஸ்பீடை செட்டிங்ஸில கூட்டிக் குறைச்சு இதைச் சரிப்படுத்தலாம் எண்டு சிலர் சொல்லுவினம், ஏலாது, டாஸ்க்பாருக்கு டபிள் கிளிக் கணக்கே இல்லை, அது ஒவ்வொரு அமத்தையும் தனித்தனியாத்தான் எடுக்கும்.

எல்லா விண்டோவும் ஒரேயடியா எழும்புது

ஒண்டு ரெண்டு இல்லாம எல்லாம் கூட்டமா வந்தா, அது எந்த ஆப்பின்ர வேலையும் இல்லை, உங்கட கைதான். விண்டோஸ் கீயும் டி-யும் சேர்த்து அமத்தினா எல்லாம் கீழ போகும், திரும்ப அமத்தினா எல்லாம் மேல வரும். டாஸ்க்பாரின்ர வலது மூலை ஓரத்தில, மணிக்கூட்டுக்கு அங்கால, ஒரு மெல்லிய இடம் கிடக்கு, அதை அமத்தினாலும் இதே கதைதான், கனபேர் நேரம் பார்க்கப்போய் அதில தட்டுப்படுறது. விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எம் மூண்டும் சேர்ந்தாலும் கீழ போனதெல்லாம் எழும்பும். தமிழ் டைப் பண்ணுறாக்கள் விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் அமத்தி மொழி மாத்துறவை எல்லோ, அதில விரல் வழுக்கிப் பக்கத்துக் கீயில விழுறதை நானே கண்டிருக்கிறன்.

இன்னொண்டு, விண்டோவின்ர தலைப்புப் பட்டையைப் பிடிச்சு மவுஸால இடம் வலம் உலுப்பினா மற்றதெல்லாம் கீழ போகும், திரும்ப உலுப்பினா மேல வரும். விண்டோஸ் 11-இல இது வரேக்கையே ஓஃபாத்தான் வரும், பழைய விண்டோஸ் 10-இல ஓனா இருக்கும். 11-இல செட்டிங்ஸ், சிஸ்டம், மல்டிடாஸ்கிங் எண்டு போனா டைட்டில் பார் விண்டோ ஷேக் எண்டு கிடக்கும், ஓனா இருந்தா ஓஃப் பண்ணுங்கோ.

ஸ்கிரீன் அணைஞ்சு வந்தாப்பிறகு, இல்லாட்டி கரண்ட் போய் வந்தாப்பிறகு எழும்புது

லப்டொப்போட வெளி மொனிட்டர் பூட்டி வேலை செய்யிறாக்களுக்குத்தான் இது கூட வரும். எங்கட ஊரில இதுக்கெண்டு ஒரு தனி விசேஷம் இருக்கு. லப்டொப்புக்கு பட்டரி இருக்கு, மொனிட்டருக்கு இல்லை. கரண்ட் போனா மொனிட்டர் மட்டும் சாகும், லப்டொப் உயிரோட இருக்கும், விண்டோஸ் என்ன நினைக்கும், ஆரோ மொனிட்டர் கேபிளைக் கழட்டிப்போட்டினம் எண்டு நினைக்கும். உடன அந்த மொனிட்டரில கிடந்த விண்டோவையெல்லாம் தானே மினிமைஸ் பண்ணும். கரண்ட் வந்த உடன மொனிட்டர் எழும்பும், விண்டோஸ் "ஓ, பழையவர் வந்திட்டார்" எண்டு, தான் கீழ போட்டதெல்லாத்தையும் திரும்ப அந்தந்த இடத்தில எழுப்பி வைக்கும். அஞ்சு செக்கன் கரண்ட் கட்டுக்கும் இது நடக்கும், அணிலோ காகமோ வயரில தட்டுப்பட்டு லைட் ஒருக்கா மினுங்கினாலும் நடக்கும். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்தமே, பிறகு 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை சப்ஸ்டேஷனுக்குள்ள குரங்கு பாய்ஞ்சு முழு நாடும் இருட்டானதே, அப்பிடிப் பெரிசாப் போனா எல்லாருக்கும் காரணம் விளங்கும். சும்மா கண் சிமிட்டின மாதிரிப் போய் வந்தா ஆருக்கும் ஞாபகம் இருக்காது, விண்டோ எழும்பினதுதான் கண்ணில படும், பழி ஆப்புக்குத்தான் போகும். இதுக்காகத்தான் அந்தப் பேப்பர்.

விண்டோஸ் 11-இல செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே போய், மல்டிபிள் டிஸ்பிளேஸ் எண்டதை விரியுங்கோ. ரெண்டு சின்னப் பெட்டி கிடக்கும். ஒண்டு, மொனிட்டர் கழண்டா விண்டோவை மினிமைஸ் பண்ணு எண்டுறது. மற்றது, எந்த மொனிட்டர் பூட்டியிருந்தா எந்த விண்டோ எங்க இருந்தது எண்டு ஞாபகம் வச்சிருக்கச் சொல்லுறது. முதல்ல மினிமைஸ் பெட்டியில இருக்கிற டிக்கை எடுத்துப்போட்டு ஒரு நாள் பாருங்கோ. அதுக்குப் பிறகும் எழும்பினா ஞாபகப் பெட்டியையும் எடுங்கோ. ஞாபகத்தை எடுத்தா ஒரு நட்டம் இருக்கு, மொனிட்டரைத் திரும்பப் பூட்டேக்க விண்டோவை நீங்கள்தான் கையால இழுத்து வைக்கவேணும், சிலருக்கு அது பெரிய ஆக்கினை, அவை விட்டிடுங்கோ.

கேபிளும் ஒரு காரணம். டிஸ்பிளேபோர்ட் கேபிளில பூட்டின மொனிட்டரை பட்டனால ஓஃப் பண்ணினாலே, கனக்க மொடலுக்கு, கழட்டின கணக்குத்தான். அதே மொனிட்டரை எச்டிஎம்ஐ-யில பூட்டிப் பாருங்கோ, சிலவேளை பிரச்சினை அதோட போயிடும். இல்லாட்டி என்னை மாதிரி ரூட்டர் பூட்டியிருக்கிற சின்ன யூபிஎஸ்ஸிலயே மொனிட்டரையும் பூட்டுங்கோ, எல்ஈடி மொனிட்டர் பெரிசாக் கரண்ட் குடிக்காது, சின்னச் சின்னக் கட்டுக்கு மொனிட்டர் அசையாது, விண்டோவும் அசையாது. செட்டிங்ஸ் மாத்துறதை விட இதுதான் எனக்குப் பிடிச்ச வைத்தியம்.

கொம்பியூட்டரை ஓன் பண்ணி ஒரு நிமிசத்தில எழும்புது

ஆப் ஒண்டு ஸ்டார்ட்டப்பில ஒழுங்கா, மணிக்கூட்டுக்குப் பக்கத்தில குட்டி ஐகன்கள் இருக்கிற ட்ரேயில போய் இருக்குது, நீங்களும் நிம்மதியா வேலையைத் தொடங்கிறீங்கள், அம்பது செக்கனால பெரிய விண்டோவா முன்னால நிக்குது. இதுக்குக் காரணம் கண்டுபிடிக்க எனக்குக் கன நாள் எடுத்தது. இந்தக் காலத்து சாட் ஆப், மியூசிக் ஆப் கனக்க, ஒரு நேரம் ஒரு பிரதிதான் ஓடலாம் எண்டு செய்து வச்சிருக்கு. ரெண்டாம் தரம் ஆராவது திறந்தா புதுசு ஒண்டு திறக்காது, ஏற்கனவே ஓடுறதை எழுப்பி முன்னால கொண்டுவந்து நிப்பாட்டும். நீங்கள் ஐகனை அமத்தினா அது நல்ல விசயம். ஆனா ஸ்டார்ட்டப்பில அதே ஆப் ரெண்டு இடத்தில பதிஞ்சிருந்தா? முதலாவது பதிவு அதை அமைதியா ட்ரேயில போடும், ரெண்டாவது பதிவு திரும்பத் திறக்க வெளிக்கிடும், ஆப் "என்னைக் கூப்பிடுகினம்" எண்டு எழும்பி வரும். பழைய வெர்ஷனுக்கு மேல புதுசை இன்ஸ்டோல் பண்ணினா, இல்லாட்டி ஸ்டோரில ஒண்டும் வெப்சைட்டில ஒண்டுமா இறக்கினா, இப்பிடி ரெட்டைப் பதிவு வரும்.

என்ர ஒபீஸ் சாட்டும் இந்தச் சாதிதான். பேப்பரில நாலு நாள் எழுதினதில எல்லாம் ஒரே மாதிரி: ஈமெயிலில வந்த மீட்டிங் லிங்கை பின்னால ப்ரவுசர் டாப்பில திறந்துபோட்டு நான் வேற வேலைக்குப் போயிருக்கிறன், அந்தப் பேஜ் லோட் ஆகி முடிய ஆப்பைக் கூப்பிடும், ஆப் எழும்பும். பேங்க் பாஸ்வேர்ட் அடிச்ச அண்டைக்கும் அதுதான் நடந்தது.

பார்க்கிற இடங்கள்: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூண்டும் சேர்த்தா டாஸ்க் மனேஜர், அதில ஸ்டார்ட்டப் ஆப்ஸ். ஒரே பேர் ரெண்டு தரம் கிடந்தா ஒண்டை டிசேபிள் பண்ணுங்கோ. விண்டோஸ் கீயும் ஆர்-உம் அமத்தி, ஷெல் எண்டு அடிச்சு ஒரு முக்காற்புள்ளி போட்டு ஸ்டார்ட்டப் எண்டு இடைவெளி விடாம ஆங்கிலத்தில அடிச்சா ஸ்டார்ட்டப் ஃபோல்டர் திறக்கும், அதுக்குள்ள பழைய ஷோர்ட்கட் தூங்குதோ எண்டும் பாருங்கோ. பிறகு ஆப்பின்ர சொந்த செட்டிங்ஸ், உதாரணத்துக்கு டீம்ஸில ஜெனரலுக்குள்ள தானாத் தொடங்கு எண்டும், பின்னணியில திற எண்டும் ரெண்டு பெட்டி இருக்கு, முதலாவதை மட்டும் டிக் பண்ணி ரெண்டாவதை விட்டா விண்டோவோடதான் வரும்.

ரீஸ்டார்ட் பண்ணினாப்பிறகு, நேற்று மூடாம விட்டதெல்லாம் தானாத் திறந்து கிடந்தா அது வேற: செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஒப்ஷன்ஸ், அதில ரீஸ்டார்ட் ஆகக்கூடிய ஆப்பைச் சேமிச்சு வச்சு திரும்பத் திறக்கிற சுவிட்சை ஓஃப் பண்ணுங்கோ. ஃபோல்டர் விண்டோக்கள் மட்டும் திரும்ப வந்தா ஃபைல் எக்ஸ்ப்ளோரரின்ர ஃபோல்டர் ஒப்ஷன்ஸ், வியூ பக்கத்தில முந்தின ஃபோல்டர்களை லொகோன் நேரம் திற எண்டதை எடுங்கோ.

மணிக்கூடு பார்த்த மாதிரி, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வருது

செட்டியார் தெருவில ஒரு நகைக்கடை. கவுண்டர் கொம்பியூட்டரில எக்ஸல் ஷீட் ஒண்டு, பவுண் விலையைக் கிராம் கணக்கு, எட்டுக் கிராம் கணக்கு எண்டு பிரிச்சுக் காட்டுறது, முந்தி அங்க வேலை செய்த ஒரு பொடியன் செய்து குடுத்தது. கடைக்கார அண்ணை ஃபோன் பண்ணினார்.

"தம்பி, மினிமைஸ் பண்ணினாலும் வருது, மூடினாலும் வருது. பில் போட்டுக்கொண்டிருக்கேக்க மேல வந்து நிக்குது, கஸ்டமர் எங்கட வாங்கின விலையைப் பார்த்திட்டுது."

"அண்ணை, மூடினாப்பிறகும் வருதோ? வேற எக்ஸல் ஏதும் திறந்து கிடக்கோ?"

"ஓம், ஸ்டொக் ஷீட் எப்பவும் திறந்துதான் கிடக்கும்."

அதைச் சொன்ன உடனயே எனக்கு விளங்கிட்டுது. எக்ஸல் மக்ரோவில, அதாவது ஷீட்டுக்குள்ள எழுதி வைக்கிற குட்டி ப்ரோக்ராமில, ஒன்டைம் (OnTime) எண்டு ஒரு கட்டளை இருக்கு, இத்தனை மணிக்கு இந்த வேலையைச் செய் எண்டு எக்ஸலுக்கே சொல்லி வைக்கிறது. சொல்லி வச்சாப்பிறகு அந்த ஷீட்டை நீங்கள் மூடினாலும் எக்ஸல் மறக்காது, வேற ஏதாவது ஷீட்டால எக்ஸல் உயிரோட இருந்தா, நேரம் வந்த உடன மூடின ஃபைலைத் தானே திரும்பத் திறந்து அந்த வேலையைச் செய்யும். அந்தப் பொடியன் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா விலையைப் புதுப்பிக்க ஒன்டைம் வச்சிருக்கிறார், அது முடிய விண்டோவைப் பெரிசாக்குற வரி ஒண்டையும் போட்டிருக்கிறார், கடைக்காரர் கட்டாயம் பார்க்கவேணும் எண்ட நல்லெண்ணத்தில.

சரிபண்ணினது இப்பிடி. ஆல்ட்டும் எஃப் 11-உம் அமத்தினா மக்ரோ எழுதின இடம் திறக்கும். விண்டோஸ்டேட் எண்டு நடுவில வந்து மக்ஸிமைஸ்ட் எண்டு முடியிற வரியை அழிச்சன், எழும்புறது அதோட நிண்டிட்டுது. மூடின ஃபைல் திரும்பத் திறக்கிறதுக்கு, ஷீட் மூடுறதுக்கு முதல் ஓடுற இடத்தில அதே ஒன்டைமை, அதே நேரத்தோட, ஷெட்யூல் ஃபோல்ஸ் எண்டு ஒருக்கா குடுக்கவேணும், அப்பத்தான் எக்ஸல் அந்த வேலையைக் கைவிடும். நேரம் துல்லியமா அதேயா இருக்கவேணும், அதால வைக்கேக்கையே நேரத்தை ஒரு வேரியபிளில எடுத்து வையுங்கோ, பிறகு கணக்குப் போட்டுப் பிடிக்கிறது வேலைக்காகாது. மக்ரோவில கை வைக்கப் பயமா இருந்தா ஷீட்டை மட்டும் மூடாம எக்ஸலை முழுசா மூடுங்கோ, அதோட போயிடும்.

எக்ஸல் இல்லாத கேஸுக்கு டாஸ்க் ஷெட்யூலர், நேரம் வச்சு வேலையளைத் தானா ஓட்டுற விண்டோஸின்ர சொந்த ப்ரோக்ராம். ஸ்டார்ட்டில அந்தப் பேரைத் தேடித் திறந்து, லைப்ரரியில கடைசியா ஓடின நேரம் எண்ட நிரலை உங்கட பேப்பரோட ஒப்பிட்டுப் பாருங்கோ. 10.15, 11.15, 12.15 எண்டு பேப்பரில கிடந்து, இங்க ஒரு வேலையும் 12.15-க்கு ஓடியிருந்தா பிடிச்சாச்சு. வலது பக்கத்தில எல்லா டாஸ்க்கின்ர ஹிஸ்டரியையும் ஓன் பண்ணுறது ஒண்டு இருக்கு, சாதாரணமா ஓஃபில கிடக்கும், ஓன் பண்ணிப்போட்டு ஒரு நாள் விடுங்கோ. கறுப்புப் பெட்டி ஒண்டு மின்னல் மாதிரி வந்து போறதும் அநேகமா இங்க இருந்துதான்.

மெசேஜ், மீட்டிங், அடுத்த பாட்டு வரேக்க எழும்புது

இது ஆப்பே வேணுமெண்டு செய்யிறது, ஆப்புக்குள்ளதான் மருந்தும். எல்லாத்தையும் சொல்ல ஏலாது, அடிக்கடி கண்டதை மட்டும் சொல்லுறன்.

வீஎல்சி. கடையில காலையில தேவாரம் வீடியோ பிளேலிஸ்ட்டாப் போட்டு மினிமைஸ் பண்ணி விடுவினம், ஒவ்வொரு பாட்டு மாறேக்கையும் வீஎல்சி எழும்பி பில் விண்டோவை மறைக்கும். டூல்ஸ், ப்ரிஃபரன்ஸஸ், இன்டர்ஃபேஸ் பக்கத்தில ஓட்டோ ரெய்ஸிங் எண்டு தொடங்கிற ஒரு வரி கிடக்கு, அது வீடியோ எண்டு வந்திருக்கும், நெவர் எண்டு மாத்தி சேவ் பண்ணுங்கோ. அரை நிமிச வேலை, இதுக்கு ஒரு ஆள் விண்டோஸையே திரும்ப இன்ஸ்டோல் பண்ணினதை எனக்குத் தெரியும்.

பழைய வகை அவுட்லுக்கில ரிமைண்டர் பெட்டி எல்லாத்துக்கும் மேல வந்தா ஃபைல், ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட், ரிமைண்டர்ஸ் எண்ட பகுதியில மற்ற விண்டோக்களுக்கு மேல காட்டு எண்ட டிக்கை எடுங்கோ. க்யூபிட்டொரண்ட் பாவிக்கிறாக்கள் டவுன்லோட் ஒப்ஷனில டயலொக்கை முன்னால கொண்டுவா எண்டதை எடுங்கோ. மற்ற ஆப்புகளில செட்டிங்ஸுக்குள்ள முன்னால, ஃபோகஸ், ரெய்ஸ், பொப்பப் மாதிரிச் சொல்லுகள் எங்க கிடக்கு எண்டு தேடுங்கோ.

ஏதும் பூட்டினா, கழண்டா வருது

யூஎஸ்பி டொங்கிளில நெட் எடுக்கிறாக்கள், சிக்னல் விழுந்து எழும்பேக்க அதின்ர டாஷ்போர்ட் விண்டோவும் சேர்ந்து எழும்பும். எனக்கு ஒரு கொம்பனியின்ர டொங்கிள் மழை நேரம் மணித்தியாலத்துக்கு ஆறேழு தரம் இப்பிடி முகத்தில வந்து நிண்டது. அந்த சொஃப்ட்வெயர் செட்டிங்ஸில தானாக் காட்டுறதை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி டொங்கிளைக் கைவிட்டுப்போட்டு ஃபோன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறுங்கோ. யூபிஎஸ்ஸின்ர கேபிளைக் கொம்பியூட்டரில பூட்டியிருந்தா கரண்ட் போகேக்க அதின்ர விண்டோவும் வரும், பில் பிரிண்டருக்கு ஸ்டேட்டஸ் மொனிட்டர் இருந்தா ஒவ்வொரு பில்லுக்கும் அதுவும் வரும். பென் டிரைவ் லூசாக் கிடந்து ஃபோல்டர் திறந்து திறந்து வந்தா ஓட்டோப்ளேயை ஓஃப் பண்ணுங்கோ.

ஒண்டுக்கும் அம்பிடேல்ல, எந்த ஆப் எண்டும் தெரியேல்ல

மைக்ரோசொஃப்டின்ர சிஸ்இன்டர்னல்ஸ் பக்கத்தில ப்ரோசஸ் எக்ஸ்ப்ளோரர் சும்மா கிடைக்கும். அதின்ர மேல் பட்டையில குறிபார்க்கிற வட்டம் மாதிரி ஒரு ஐகன் இருக்கு, அதை மவுஸால பிடிச்சு இழுத்துக்கொண்டுபோய் சந்தேக விண்டோவுக்கு மேல விட்டா, அது எந்த ப்ரோக்ராமுக்குச் சொந்தம் எண்டு காட்டும். பேரில்லாத பெட்டிகளுக்கு இது அருமை.

அதுக்கும் தப்பினா கிளீன் பூட், அதாவது மைக்ரோசொஃப்ட் இல்லாத சேர்விசையெல்லாம் நிப்பாட்டிப்போட்டு விண்டோஸைத் தொடங்கிப் பார்க்கிறது. எம்எஸ்கொன்ஃபிக் திறந்து, சேர்விசஸில மைக்ரோசொஃப்ட் சேர்விசை ஒளிக்கிற டிக்கை முதல்ல போடுங்கோ, மறந்திடவேண்டாம், பிறகு மிச்சத்தை டிசேபிள் பண்ணி ரீஸ்டார்ட். தொல்லை நிண்டா பாதிப் பாதியாத் திருப்பி ஓன் பண்ணிக்கொண்டு வாங்கோ. அலுப்புப் பிடிச்ச வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிடும், ஆனா ஆளைப் பிடிக்கும்.

அப்ப அந்த ரெஜிஸ்ட்ரி?

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில ஹெச்கீ கரண்ட் யூசர், கொன்ட்ரோல் பனல், டெஸ்க்டொப் எண்டு போனா ஃபோர்கிரவுண்ட் லொக் டைம்அவுட் எண்டு ஒரு பதிவு கிடக்கு. நீங்கள் கடைசியா கீபோர்ட்டையோ மவுஸையோ தொட்டு எவ்வளவு நேரத்துக்கு மற்ற ஆப் முன்னால பாயக்கூடாது எண்டுற கணக்கு அது. சாதாரணமா 200000 மில்லிசெக்கன், அதாவது மூண்டு நிமிசம் இருபது செக்கன். தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வந்து பார்க்க ஏதோ ஒண்டு முன்னால நிக்குது, இருந்து வேலை செய்யேக்க வாறதில்லை எண்டா அந்தக் கணக்குத்தான், அது பிழை இல்லை.

ஏதும் ப்ரோக்ராம் இதை 0 ஆக்கிவச்சிருந்தா எல்லாரும் நினைச்ச நேரம் பாய்வினம், அப்ப மட்டும் இது மருந்து. ரெஜிஸ்ட்ரியை முதல்ல எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு பிரதி எடுங்கோ, பிறகு அந்தப் பதிவைத் திறந்து டெசிமல் எண்டதைத் தெரிஞ்சு 200000 அடியுங்கோ, சைன் அவுட் பண்ணி வாங்கோ. கனபேர் ஹெக்ஸில, அதாவது பதினாறை அடியா வச்ச எண் முறையில, நிண்டுகொண்டு 200000 அடிக்கிறது, அது 2097152 ஆகும், கிட்டத்தட்ட 35 நிமிசம், ஒண்டும் எரியாது, ஆனா ஏன் சொன்ன மாதிரி நடக்கேல்ல எண்டு முழிப்பினம்.

முக்கியமா, இது மறிக்கிறது கீபோர்ட்டைப் பறிச்சுக்கொண்டு முன்னால பாயிறதைத்தான். ஒரு ஆப் தன்ர விண்டோவைத் தானே மினிமைஸில இருந்து எடுக்கிறதை இது தடுக்காது. நீங்கள் முன்னால வச்சிருக்கிற ப்ரோக்ராமே இன்னொண்டைத் திறந்தாலும் தடுக்காது, அதுக்கு அனுமதி இருக்கு. என்ர மீட்டிங் லிங்க் கேஸில ப்ரவுசர்தான் முன்னால நிண்டது, ப்ரவுசர்தான் ஆப்பைக் கூப்பிட்டது, ரெஜிஸ்ட்ரியில என்ன நம்பர் போட்டிருந்தாலும் அது வந்தேயிருக்கும்.

விண்டோஸ் இல்லாதாக்கள்

லினக்ஸில இதுக்கு நேரடியா சுவிட்ச் இருக்கு, எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். கேடிஈ எண்ட டெஸ்க்டொப் வகையில சிஸ்டம் செட்டிங்ஸ், விண்டோ மனேஜ்மென்ட், விண்டோ பிஹேவியர் போய் ஃபோகஸ் ஸ்டீலிங் ப்ரிவென்ஷன் எண்டதை லோவில இருந்து மீடியத்துக்கோ ஹைக்கோ ஏத்துங்கோ, எக்ஸ்ட்ரீம் வேண்டாம், நீங்கள் கூப்பிட்டதும் வராது. எக்ஸ்எஃப்சிஈ எண்ட மற்ற டெஸ்க்டொப் வகையில விண்டோ மனேஜர் ட்வீக்ஸ், ஃபோகஸ் பக்கம், ஒரு விண்டோ தன்னைத் தானே எழுப்பினா என்ன செய்யிறது எண்ட கேள்வி இருக்கு, ஒண்டும் செய்யாதே எண்டு போடுங்கோ. விண்டோவை ஸ்கிரீனில காட்டுற லினக்ஸின்ர புது முறையான வேலண்டில ஓடுற ஆப்புக்கு மினிமைஸ் பண்ணச் சொல்லிக் கேக்கலாம், ஆனா மினிமைஸை எடு எண்டு கேக்க வழியே வைக்கேல்ல, தான் மினிமைஸில இருக்கிறதோ எண்டும் அதுக்குத் தெரியாது.

மக்கில கொமாண்ட் எம் மினிமைஸ், கொமாண்ட் எச் ஒளிக்கிறது, ரெண்டும் ஒண்டில்லை. ஒளிச்ச ஆப் கொமாண்டும் டாப் கீயும் அமத்தி அதுக்குப் போன உடன எழும்பும், மினிமைஸ் பண்ணினது அப்பிடி எழும்பாது. எழும்புது எண்டு முறைப்பாடு சொல்லுறவை அநேகமா கொமாண்ட் எச் (H) தான் அமத்தியிருப்பினம்.

செட்டிங்ஸில ஒண்டும் இல்லாத ஆப்புக்கு என்ன செய்யிறது எண்டா, வெப் வெர்ஷன் இருந்தா அதை ப்ரவுசர் டாப்பில திறந்துபோட்டு ஆப்பை அன்இன்ஸ்டோல் பண்ணுங்கோ. டாப்புக்குள்ள இருக்கிற சைட்டால பொதுவா மினிமைஸ் பண்ணின ப்ரவுசரை எழுப்ப ஏலாது, ஓரத்தில ஒரு நோட்டிஃபிகேஷன் மட்டும் காட்டும். ஒபீஸ் சாட்டை நான் இப்ப அப்பிடித்தான் வச்சிருக்கிறன், மீட்டிங் லிங்க் ஆப்பைத் தேடும், ஆப் இல்லை, ப்ரவுசரிலயே திறக்கும். மனேஜரின்ர தம்ஸ் அப் இன்னும் அந்த குரூப்பில கிடக்கு, மெசேஜை நான் அழிச்சனான், ஆனா ஆரோ அதுக்கு முதலே ஸ்கிரீன்ஷொட் எடுத்துப்போட்டினம்.